தோளில் ஏறிய செவலை

லண்டன் கோவன்ட் கார்டனில் ஓர் இளைஞன் கிதார் வாசித்துப் பாடுகிறான். போகிறவர்கள் அவன் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பிறகொரு நாள், அதே தெருவில் தோளில் ஒரு செவலைப் பூனையோடு வந்து நிற்கிறான். கூட்டம் கூடிவிடுகிறது. 2016-இல் வந்த ‘எ ஸ்ட்ரீட் கேட் நேம்ட் பாப்’ படத்தில் என்னை உலுக்கிய இடம் இது. இத்தனை நாளும் அவன் அங்கேதானே நின்றுகொண்டிருந்தான்!

ஜேம்ஸ் போவன் தன் வாழ்க்கையை எழுதி 2012-இல் வெளிவந்த புத்தகத்தை ரோஜர் ஸ்பாட்டிஸ்வுட் படமாக்கினார். ஜேம்ஸாக லூக் ட்ரெட்அவே நடித்தார். பூனையாகப் பெரும்பாலான காட்சிகளில் வருவது ஜேம்ஸின் அசல் பூனை பாபேதான்.

ஹெராயினிலிருந்து மீள ஜேம்ஸ் மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்த காலம். தினமும் மருந்துக்கடைக்குப் போய், மருந்தாளர் கண்ணெதிரே குடிக்க வேண்டும். ஹெராயின் கிடைக்காத உடம்பு படும் பாட்டை அது தணிக்கும். ஆனால் அதுவும் ஹெராயினைப் போல ஓபியாய்டு வகைதான். அதையும் ஒருநாள் விட்டாக வேண்டும். அந்த நாட்களைப் படம் மறைக்காமல் காட்டுகிறது. வியர்வை, நடுக்கம், தூக்கமில்லாத இரவுகள். பூனை பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மாயம் எதுவும் செய்வதில்லை.

அப்படியானால் பூனை என்னதான் செய்தது? காலில் காயத்தோடு வந்தது. மருந்துக்குக் கையிலிருந்த காசைக் கொடுக்கவைத்தது. காலையில் பசியோடு எழுப்பியது. தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்ற நினைப்பு, தன்னையே கைவிட்டிருந்த மனிதனுக்கு வந்தது.

படம் சில இடங்களில் இனிப்பைக் கூட்டியிருக்கிறது. ஆனால் ஒன்றைச் சரியாகச் சொல்கிறது. பூனைக்கு முன்பே, அவனுக்கு ஒரு வீடு கிடைக்கப் போராடிய மறுவாழ்வு ஊழியர் ஒருவர் வருகிறார். தெருவிலேயே கிடந்திருந்தால் பூனை எந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கும்? பூனையைக் கொஞ்சும் நாம் அந்தப் பெண்மணியை மறந்துவிடுகிறோம்.

பாப் 2020 ஜூனில் இறந்தது. மறு ஆண்டு இஸ்லிங்டன் கிரீன் பூங்காவில் அதற்குச் சிலை வைத்தார்கள். பக்கத்தில்தான் ஏஞ்சல் ரயில் நிலையம். அதன் வாசலில்தான் பாபை அருகில் வைத்துக்கொண்டு ஜேம்ஸ் ‘பிக் இஷ்யூ’ பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தார்.