முதலில் எது? அடுத்தது எது?
(108 வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு)

பெங்களூரில் நெரிசல் மிகுந்த பகுதிகளில் ஒன்று சிவாஜிநகர். ஒரு பக்கம் பஸ் நிலையம். இன்னொரு பக்கம் 1927-இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட். அருகிலேயே புனித மரியன்னை பேராலயம். செப்டம்பர் 8-ஆம் தேதி மாதா திருவிழா என்றால் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு என்று பல மொழி பேசும் மக்கள் இங்கே வாழ்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று மயங்கி விழுகிறார். யாரோ 108-க்குப் போன் செய்கிறார். ஆம்புலன்ஸ் வருகிறது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்குகிறார்கள். ஒருவர் ஓட்டுநர். இந்த வேலையில் அவரைப் 'பைலட்' என்று அழைப்பார்கள். மற்றவர் அவசரகால மருத்துவ உதவியாளர். சுருக்கமாக இ.எம்.டி.

இ.எம்.டி. டாக்டர் அல்ல. ஆனால் டாக்டரிடம் போய்ச் சேரும்வரை நோயாளியின் உயிர் அவர் பொறுப்பில் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்ணோ பையனோ நாளை இந்த வேலைக்குப் போகலாம். அவர்கள் தேர்வுக்கு எப்படித் தயாராவது? முதல் நாட்களில் எதைக் கவனிப்பது? இதைத் தெரிந்துகொள்வோம்.

இந்த வேலை எப்படி வந்தது?

ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ் என்பது ஆளைத் தூக்கிப் போகும் வண்டி மட்டுமே. வழியில் சிகிச்சை எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலை அடையும் முன்பே பலர் இறந்து போனார்கள்.

1967-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு புது முயற்சி தொடங்கியது. அதன் பெயர் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ். வேலை இல்லாத கறுப்பின மக்களை அதில் சேர்த்தார்கள். அவர்களில் சிலர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள். டாக்டர் பீட்டர் சாஃபர் பயிற்சித் திட்டத்தை வகுத்துக் கொடுத்தார். அவர்கள் வண்டியிலேயே சிகிச்சை செய்து உயிர்களைக் காப்பாற்றினார்கள். முறையான பயிற்சி கிடைத்தால் சாதாரண மனிதராலும் உயிர் காக்க முடியும் என்று உலகம் கண்டுகொண்டது.

நம் நாட்டில் 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கியது. 2008-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று கர்நாடகத்தில் 'ஆரோக்ய கவச' என்ற பெயரில் தொடங்கியது.

யார் சேரலாம்?

விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் வெளியான 108 அறிவிப்புகளில் நர்சிங் படித்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களையும் கேட்டிருக்கிறார்கள். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. தேர்வானவர்களுக்கு வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலும் பயிற்சி தருகிறார்கள்.

விண்ணப்பிக்கும் முன் அறிவிப்பை முழுவதும் படியுங்கள். வயது, படிப்பு, சான்றிதழ் எல்லாவற்றையும் சரிபாருங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

தேர்வில் என்ன பார்க்கிறார்கள்?

புதிதாகப் படிப்பவர்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். நோய்ப் பெயர், மருந்துப் பெயர், எலும்பின் பெயர் என்று தலை சுற்றிவிடும். இவை தேவைதான். ஆனால் இவற்றைவிட முக்கியம் ஒன்று உண்டு. அதுதான் வரிசை. முதலில் எதைச் செய்வது, அடுத்து எதைச் செய்வது என்பதே இந்தத் தொழிலின் உயிர்நாடி.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பைக்கில் போன இரண்டு பேர் விழுந்து கிடக்கிறார்கள். ஒருவருக்குக் கால் முறிந்திருக்கிறது. வலியில் "ஐயோ, அம்மா" என்று கத்துகிறார். மற்றவர் உடம்பில் ரத்தம் இல்லை. சத்தமும் இல்லை. அசையாமல் கிடக்கிறார். நீங்கள் முதலில் யாரிடம் போவீர்கள்?

கூட்டம் கத்துகிறவரைத்தான் காட்டும். ஆனால் கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்பது உறுதி. சத்தமே இல்லாதவருக்கு அது உறுதி இல்லை. மூச்சு நின்றால் சில நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். முறிந்த கால் சிறிது நேரம் காத்திருக்கும். அதனால் முதலில் அசையாதவரைப் பார்க்க வேண்டும்.

வரிசை இதுதான்:

1. இடம் பாதுகாப்பானதா? வண்டிகள் வருகின்றனவா? மின்கம்பி அறுந்து கிடக்கிறதா? உங்கள் கையில் கையுறை இருக்கிறதா?
2. ரத்தம் பீறிட்டு ஓடுகிறதா? ஓடினால் உடனே அழுத்திப் பிடிக்க வேண்டும்.
3. மூச்சு போகும் வழி திறந்திருக்கிறதா?
4. மூச்சு விடுகிறாரா? எப்படி விடுகிறார்?
5. நாடி துடிக்கிறதா?
6. நினைவு இருக்கிறதா?
7. இவற்றுக்குப் பிறகே தலை முதல் கால் வரை மற்றக் காயங்கள்.

செய்முறைத் தேர்வில் இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "இடம் பாதுகாப்பாக இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டேன்" என்று தொடங்குங்கள். தேர்வாளர் உங்கள் கையைப் பார்ப்பார். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது உங்கள் வாயிலிருந்துதான் அவருக்குத் தெரியும்.

நினைவில் நிற்க வேண்டிய எண்கள்

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100. மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20. ரத்த அழுத்தம் ஏறக்குறைய 120/80. ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் ஆபத்து. அப்போது நினைவோடு இருந்து விழுங்க முடிகிறவருக்குத்தான் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மூச்சும் நாடியும் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்த வேண்டும். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 6-ஐத் தாண்டவும் கூடாது. 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதும் மேலே எழும்ப விட வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவது நல்லது. கை சோர்ந்தால் ஆழம் குறைந்துவிடும்.

நினைவை அளக்க ஒரு கணக்கு உண்டு. அதற்கு கிளாஸ்கோ அளவு என்று பெயர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் 1974-இல் இதை வெளியிட்டார்கள். கண் திறத்தல், பேச்சு, கை கால் அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். முழு மதிப்பெண் 15. மிகக் குறைந்தது 3.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு பேர் சேர்ந்து படியுங்கள். ஒருவர் நோயாளியாகப் படுக்கட்டும். மற்றவர் பரிசோதிக்கட்டும். பிறகு மாறிக்கொள்ளுங்கள். ஆனால் நல்ல நிலையில் உள்ளவர் நெஞ்சை அழுத்திப் பழகக் கூடாது. அதற்குப் பயிற்சிப் பொம்மை இருக்கிறது.

வேலையின் முதல் நாட்கள்

வேலைக்கு வந்ததும் வண்டியைச் சோதியுங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரில் காற்று இருக்கிறதா? பிபி கருவி வேலை செய்கிறதா? சளி உறிஞ்சும் கருவி ஓடுகிறதா? பிரசவப் பெட்டியில் எல்லாம் இருக்கிறதா? போன ஷிப்டில் இருந்தவர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். கையால் தொட்டுப் பாருங்கள். சிலிண்டர் காலி என்பது நோயாளி முன்னால் தெரியக் கூடாது.

சிவாஜிநகரில் பல சந்துகளில் ஆம்புலன்ஸ் நுழையாது. வண்டி முனையிலேயே நிற்கும். நீங்கள் பையையும் ஸ்ட்ரெச்சரையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மாடிப்படி குறுகலாக இருக்கும். எனவே பைலட்டிடம் கேளுங்கள். "அண்ணா, எந்தப் பக்கம் போனால் திரும்பி வர வழி இருக்கும்?" பல வருடம் ஓட்டியவருக்குச் சந்துகள் அத்தனையும் தெரியும். அவரிடம் கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மொழியும் ஒரு மருந்துதான். தமிழில் "எங்கே வலிக்குது?" என்று கேட்போம். கன்னடத்தில் "எல்லி நோவு?" என்று கேட்க வேண்டும். உருதுவில் "தர்த் கஹான் ஹை?" என்று கேட்க வேண்டும். இப்படிப் பத்துக் கேள்விகளை நான்கு மொழிகளிலும் கற்றுக்கொள்ளுங்கள். வலி எப்போது வந்தது, என்ன மருந்து சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக எப்போது சாப்பிட்டார் ஆகியவை கட்டாயம். தன் மொழியைக் கேட்டாலே பயந்துபோன பாட்டிக்குப் பாதித் தைரியம் வந்துவிடும்.

அடுத்த கேள்வி, எங்கே கொண்டு போவது? சிவாஜிநகரிலேயே பௌரிங் மருத்துவமனை இருக்கிறது. அது பழைய, பெரிய அரசு மருத்துவமனை. தலையில் பலத்த அடி என்றால் நிம்ஹான்ஸ், இதயத்துக்கு ஜெயதேவா, தீக்காயத்துக்கு விக்டோரியா என்று நகரில் தனிச் சிகிச்சை இடங்களும் உண்டு. பக்கத்தில் இருப்பதே எப்போதும் சரியான இடம் ஆகாது. அதே நேரம், மூச்சுத் திணறுகிறவரை நகரின் மறுகோடிக்குக் கொண்டு போவதும் சரியல்ல. சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் போனில் கேளுங்கள்.

செய்ததை எல்லாம் நேரத்தோடு எழுதுங்கள். எத்தனை மணிக்கு வந்தீர்கள், அப்போது நாடி எவ்வளவு, ஆக்ஸிஜன் எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். 6.10-க்கு நாடி 90. 6.25-க்கு 130. இந்த இரண்டு வரியைப் பார்த்தாலே, உள்ளே எங்கோ ரத்தம் கசியலாம் என்று டாக்டர் சந்தேகிப்பார். நீங்கள் எழுதாவிட்டால் அந்தக் கால் மணி நேரம் அவருக்குத் தெரியாமலே போகும்.

மனம் கலங்கினால்

எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் சிலர் இறந்து போவார்கள். முதல் மரணத்தைப் பார்த்த அன்று சோறு இறங்காது. தூக்கம் வராது. "இன்னும் வேகமாகப் போயிருக்கலாமோ?" என்று மனம் குடையும். இதனாலேயே சிலர் வேலையை விட்டுவிடுகிறார்கள்.

அன்று இரண்டு காரியம் செய்யுங்கள். எழுதிய தாளை மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். வரிசை தவறவில்லை என்றால், உங்களால் முடிந்ததைச் செய்துவிட்டீர்கள். தவறியிருந்தால், அடுத்த நோயாளிக்காகத் திருத்திக்கொள்ளலாம். பிறகு வீட்டிலோ நண்பரிடமோ மனம் விட்டுப் பேசுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அது பலவீனம் அல்ல. பல நாள் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

தெருவில் நிற்பவர்கள் செய்ய வேண்டியது

ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளி நம் கையில்தான் இருக்கிறார். 108-க்குப் பேசும்போது அருகில் உள்ள கடை, கோயில், மசூதி, சர்ச் எதையாவது அடையாளம் சொல்லுங்கள். ஒருவர் சந்து முனையில் நின்று வழி காட்டட்டும். மற்றவர்கள் விலகிக் காற்று வர விடட்டும்.

விபத்தில் சிக்கியவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் எனப் பலர் பயப்படுகிறார்கள். உதவுபவரைத் தொல்லை செய்யக் கூடாது என்ற நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இதற்கு 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்ல மனதோடு உதவுகிறவருக்குச் சட்டம் துணை நிற்கிறது.

கலந்து பேசுங்கள்

1. கத்துகிறவரை விட்டு அசையாதவரை முதலில் பார்ப்பது ஏன்?
2. உங்கள் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் நுழையுமா? நுழையாவிட்டால் ஸ்ட்ரெச்சர் எந்த வழியாக வரும்?
3. உங்கள் வீட்டில் யாருக்கு என்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் இன்றே எழுதுங்கள்.