சியாபாஸ் மலைகளில் மாயா வழிபாடு

மெக்சிகோவின் தென்கோடி மாநிலமான சியாபாஸில் செல்தால், சோட்சில் முதலிய மாயா மொழிகளைப் பேசும் பழங்குடிகள் வாழ்கிறார்கள். 1960இல் அங்கே சான் கிறிஸ்டோபல் மறைமாவட்டத்தின் ஆயரான சாமுவேல் ரூயிஸ், இவர்களுக்கு ஸ்பானிய மொழியைக் கற்பித்து, காலுக்குச் செருப்பும் நல்ல சாப்பாடும் கிடைக்கச் செய்தால் போதும் என்றுதான் நினைத்தார். நல்லெண்ணம்தான், ஆனால் அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கும் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

மலைக் கிராமங்களில் கண்ட வறுமையும், உலக ஆயர்கள் கூடித் திருச்சபையைப் புதுப்பித்த இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அவரை மாற்றின. அவரே அந்த மொழிகளைக் கற்றார். 1974இல், பழங்குடிகளுக்காக வாதாடிய 16ஆம் நூற்றாண்டு ஆயர் லாஸ் காசாஸின் ஐந்நூறாம் பிறந்தநாளை ஒட்டி அங்கே ஒரு மாநாடு கூடியது. புகழுரைகளோடு கலைந்திருக்கக்கூடிய கூட்டம் அது. அதில் பழங்குடிகளே நிலம், வணிகம், கல்வி, உடல்நலம் பற்றித் தங்கள் மொழிகளில் முறையிட்டார்கள்.

அடுத்த கேள்வி, யார் வழிநடத்துவது என்பது. கத்தோலிக்கக் குரு மணம் செய்துகொள்வதில்லை; மணமாகாத ஆணுக்கோ மாயா ஊர்களில் பெரிய மனிதர் என்ற மதிப்பு எளிதில் வராது. எனவே மணமான ஆண்களை ரூயிஸ், குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டர்களாக்கினார். 2000இல் அவர் விலகும்போது அவர்கள் முந்நூறு பேருக்கு மேல். மணமான குருக்களுக்கு இது வழிவிடுமோ என அஞ்சிய வத்திக்கான் 2002இல் புதிய திருநிலைப்பாடுகளை நிறுத்தியது. உடையையும் பாட்டையும் ஏற்பது எந்த நிறுவனத்துக்கும் எளிது. அதிகாரத்தில் பங்கு என்றதும்தான் தயக்கம் வரும். போப் பிரான்சிஸ் காலத்தில், 2014இல் தடை நீங்கியது. 2016இல் அவரே சான் கிறிஸ்டோபல் வந்து ரூயிஸின் கல்லறையில் செபித்தார்.

2024 நவம்பரில் வத்திக்கான் இம்மறைமாவட்டத்தின் திருப்பலியில் சில மாயா வழக்கங்களை முறைப்படி ஏற்றது. நற்கருணைக்குப் பின் சபையார் தாளத்துக்கேற்ப மெல்ல அடியெடுத்து ஆடுவது நன்றிச் செபமாகிறது. குருவுக்குப் பதிலாகப் பெண்கள் தூபம் காட்டலாம்; கரியில் இடுவது கோப்பால் என்னும் மரப்பிசின், நம் சாம்பிராணி போன்றது. ஊர் மதிக்கும் பெரியவர் ஒருவர், குரு அழைக்கும்போது சபையின் செபத்தை நடத்தலாம்.

திருத்தொண்டரின் எல்லை மட்டும் மாறவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கவும் திருமணம் நடத்தி வைக்கவும் அவரால் முடியும். திருப்பலி நிறைவேற்ற முடியாது. தொலைதூர ஊர்கள் அதற்குக் குரு வரும் நாளைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.