ரோமானிய உடை: குறியும் குறியின்மையும்

பண்டைய ரோமில் ஒருவன் யாரென்று கேட்க வேண்டியதில்லை. உடையைப் படிக்கத் தெரிந்தால் போதும். டோகா என்கிற கம்பளித் துணியைப் போர்த்திக்கொள்ளும் உரிமை ரோமக் குடிமகனுக்கே உண்டு. உள்ளே போடும் அங்கியில் அகலமான ஊதாக் கோடு இருந்தால் செனட்டர். குறுகிய கோடு என்றால் அதற்கு அடுத்த படியிலுள்ள குதிரைவீரர் வகுப்பு. உயர்பதவிக்காரரின் டோகாவுக்கு ஊதாக் கரை. பதவிக்குப் போட்டியிடுகிறவன் சுண்ணப்பொடி தேய்த்து வெளுத்த டோகாவில் வருவான். 'கேண்டிடேட்' என்ற சொல்லே அந்த வெண்மையிலிருந்து வந்ததுதான்.

டோகாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல கஜத் துணி, பொத்தான் கிடையாது, இடது கை அதைத் தாங்கியபடியே இருக்க வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டு ஏர் பிடிக்க முடியாது, மூட்டை தூக்க முடியாது. 'இந்த உடல் உழைக்கிற உடல் அல்ல' என்பதுதான் அது சொல்லும் சேதி. அதை வெளுத்தவர்களோ மூத்திரம் கலந்த தொட்டித் தண்ணீரில் நின்று காலால் மிதித்தவர்கள். அந்த வெண்மைக்கு அடியில் இந்த நாற்றமும் உண்டு.

க்ளாடியஸ் (ஆட்சி கி.பி. 41–54) காலத்தில், குடியுரிமையைப் போலியாகக் கொண்டாடியதாக ஒருவன்மேல் வழக்கு. அவன் டோகாவில் நிற்பதா, கிரேக்கப் போர்வையில் நிற்பதா என்று வக்கீல்களுக்குள் சண்டை. எதிர்த்தரப்பு பேசும்போது போர்வை, அவன் தரப்பு பேசும்போது டோகா என்று மாற்றி மாற்றி உடுத்தச் சொன்னாராம் பேரரசர். சூட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் டோகாவில் நின்றாலே அவன் பாதிக் குடிமகன் ஆகிவிடுவான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

சரி, அடிமைக்கு என்ன உடை? தனியாக ஒன்றும் இல்லை. ஏழைக் குடிமகன் வேலை நேரத்தில் போடுகிற அதே அங்கிதான். அடிமைகளுக்குத் தனி உடை விதிக்கலாம் என்று ஒருமுறை செனட்டில் யோசனை எழுந்ததைச் செனெக்கா, இளம் நீரோவுக்குக் கருணையைப் பற்றி எழுதிய நூலில் குறிப்பிடுகிறார். அப்படிச் செய்தால் அடிமைகள் எசமானர்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்களே, எவ்வளவு பெரிய ஆபத்து என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்ததாம். எழுதிய செனெக்காவும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

இதே சமூகம் ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமையின் நெற்றியில் பச்சை குத்தியது. பிற்காலத்தில் கழுத்தில் உலோக வளையம் மாட்டியது. தனி உடலின்மேல் குறியிட அதற்குத் தயக்கமே இல்லை. கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு குறி என்றதும்தான் கை நடுங்குகிறது. ஒரே உடையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். தாங்கள் எத்தனை பேர், எதிரே எத்தனை பேர் என்று கணக்குப் போடுவார்கள்.

அடையாளம் சுமத்துவது ஒடுக்குமுறை என்று நாம் சரியாகவே பேசி வருகிறோம். ரோமின் எசமானர்கள் அடையாளத்தை மறுப்பதிலும் அதே லாபத்தைக் கண்டார்கள். ஊதாக் கோடுகளைப் படிப்பவர்கள், கோடே இல்லாத அந்த அங்கியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.