மூன்றாம் இடம் போதும் என்றவர்

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என அழைப்பது எம்மவர் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மறித்து வீழ்த்த வரும் பதினொருவரின் நடுவே புகுந்து ஓடுவதற்கென்றே அங்கு வீரர்கள் உளர். அவர்களுள் கேல் செயர்ஸைப் போல ஓடியவர் மிகச் சிலரே. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1965இல் சிக்காகோ பெயார்ஸ் அணியில் சேர்ந்த அவர், அவ்வாண்டு டிசெம்பர் 12ஆம் திகதி, சேறாகிக் கிடந்த மைதானத்தில், சான் பிரான்சிஸ்கோ அணிக்கெதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு தடவைகள் எல்லைக்கோட்டைக் கடந்தார்.

அதே ஆண்டு அதே அணிக்கு வந்தவர் கத்தோலிக்கரான பிறையன் பிக்கோலோ. முந்திய ஆண்டு பல்கலைக்கழக வீரர்களுள் நாட்டிலேயே அதிக தூரம் ஓடியவர் இவரே. ஆயினும் தொழில்முறை அணிகள் எதுவும் தெரிவின்போது இவர் பெயரைச் சொல்லவில்லை. செயர்ஸ் கறுப்பினத்தவர், பிக்கோலோ வெள்ளையினத்தவர். 1967இல், பயண நாட்களில் இருவரும் ஒரே அறையில் தங்குமாறு பணிக்கப்பட்டனர். அந்நாளைய அமெரிக்காவில் இது சிறிய காரியமன்று.

1968 நவம்பர் 10ஆம் திகதி செயர்ஸின் வலது முழங்கால் தசைநார்கள் அறுந்தன. அவருடைய இடம் பிக்கோலோவுக்குக் கிடைத்தது. இங்கே சற்று நிற்போம். அரியணைக்குரிய யோனத்தான் தன் மேலங்கியையும் வாளையும் தாவீதுக்குக் கழற்றிக் கொடுத்ததை சாமுவேல் முதல் நூலில் வாசிக்கின்றோம். கையில் உள்ளதைக் கொடுப்பது கடினமே. ஆனால் நெடுங்காலம் காத்திருந்து கைக்கு வந்த ஒன்றை, அதன் பழைய உரிமையாளரே மீண்டும் பெறும்படி உழைப்பது அதனினும் கடினம் என எண்ணுகின்றேன். ஒரே தொழிலில் இருக்கும் அண்ணன் தம்பியரைக் கேட்டால் தெரியும்! பிக்கோலோ அதனைச் செய்தார். சோர்ந்திருந்த நண்பரைக் கேலி பேசிச் சிரிக்க வைத்தார். கடும் பயிற்சிக்குத் தூண்டினார். 1969இல் செயர்ஸ் திரும்பி வந்து 1,032 யார் ஓடி, தொழில்முறை வீரர் அனைவரிலும் முதல்வரானார்.

அவ்வாண்டு நவம்பரில், ஆட்டத்தின் நடுவே மூச்செடுக்க முடியாமல் பிக்கோலோ வெளியேறினார். நெஞ்சறையில் புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டது.

1970 மே மாதம் நியூயோர்க்கில் செயர்ஸுக்குத் துணிவுமிக்க வீரருக்கான விருது வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர், அது பிக்கோலோவுக்கே உரியதென்றார். தாம் அவரை நேசிப்பதாகவும், கூடியிருந்தோரும் நேசிக்க வேண்டுமென்றும், அன்றிரவு முழந்தாளிட்டுச் செபிக்கையில் இறைவனும் அவரை நேசிக்கும்படி வேண்டுமாறும் கேட்டுக்கொண்டார். ஜூன் 16ஆம் திகதி பிக்கோலோ இறந்தார். வயது 26. மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் எஞ்சினர். பேழையைச் சுமந்தோருள் செயர்ஸும் ஒருவர்.

அவ்வாண்டே வெளிவந்த தம் வரலாற்று நூலுக்கு, தாம் மூன்றாமவர் எனப் பொருள்படும் பெயரையே செயர்ஸ் இட்டார். முதலிடம் ஆண்டவருக்கு, அடுத்தது நண்பருக்கு என்பது அவர் கணக்கு. பின்னர் இடது முழங்காலும் பழுதுற்றது. மொத்தம் 68 ஆட்டங்களே ஆடியிருந்தும், 1977இல், 34ஆம் வயதில், புகழ்மிகு வீரர் மண்டபத்தில் இடம் பெற்றார். இறுதிக் காலத்தில் நினைவிழப்பு நோயால் வருந்தி, 2020 செப்டெம்பர் 23ஆம் திகதி மரித்தார்.

பிக்கோலோவைக் கொண்டுசென்ற நோய்க்கு அந்நாளில் தக்க மருந்து இல்லை, இன்று உண்டு. அவர் பெயரால் தொடங்கப்பட்ட நிதியம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் உதவியது.