உங்களுக்குத் தெரியுமா? நிரலை எடுக்கலாம், பெயரை எடுக்க முடியாது!

● திறந்த மூல மென்பொருளை யாரும் இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், காசுக்கு விற்கவும் செய்யலாம். ஆனால் அந்த அனுமதியில் மென்பொருளின் பெயரும் லோகோவும் பெரும்பாலும் சேராது. 2004 ஜனவரியில் வெளியான அப்பாச்சி லைசென்ஸ் 2.0-இன் ஆறாம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. வணிகப் பெயரையும் டிரேட்மார்க்கையும் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை; மென்பொருள் எங்கிருந்து வந்தது என்று வழக்கமாகவும் நியாயமாகவும் சொல்லத் தேவையான அளவுக்கு மட்டும் விலக்கு உண்டு. நிரலை ஆள்வது பதிப்புரிமைச் சட்டம், பெயரை ஆள்வது டிரேட்மார்க் சட்டம். லைசென்ஸை மட்டும் படித்துவிட்டு வேலையில் இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

● இவ்வளவு கெடுபிடி எதற்கு? வி.எல்.சி. பிளேயரின் ஆரஞ்சு நிறக் கூம்பை அறியாதவர் குறைவு. அதைத் தயாரிக்கும் வீடியோலான் என்ற பிரெஞ்சு லாபநோக்கற்ற அமைப்பு 2011-இல் பகிரங்கமாகப் புகார் சொன்னது. வி.எல்.சி. பெயரையே காட்டிப் பல இணையதளங்கள் அதனுடன் விளம்பர மென்பொருளையும் வேவு மென்பொருளையும் ஒட்டி விநியோகிக்கின்றன என்பது புகார். கணினி கெட்டுப்போனவர் யாரைத் திட்டுவார்? கூம்பு போட்டவர்களைத்தான். மூல நிரலைத் திறந்து படிக்கத் தெரியாத சாதாரணப் பயனருக்கு, அசல் எது போலி எது என்று காட்டிக்கொடுப்பது அந்தப் பெயரும் படமும்தான். டிரேட்மார்க் விதிகள் முதலில் அவருக்காகவே இருக்கின்றன என்று உறுதியாக நம்புகிறேன்.

● ‘லினக்ஸ்’ என்ற பெயர் ஒரு காலத்தில் லினஸ் டோர்வால்ட்ஸுக்குச் சொந்தமாக இல்லை! 1991-இல் அவர் கெர்னலை வெளியிட்டார். பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவருக்கோ நண்பர்களுக்கோ தோன்றவில்லை. லினக்ஸ் வளர்ச்சியில் பங்கே இல்லாத வில்லியம் டெல்லா குரோசே என்ற அமெரிக்கர் 1994-இல் விண்ணப்பித்து, 1995-இல் அமெரிக்க டிரேட்மார்க்கைக் கையில் வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு லினக்ஸ் விற்கும் நிறுவனங்களுக்குக் கடிதம் போனது: விற்பனையில் 10 சதவீதம் கொடு! பல நாடுகளில் உள்ளவர்கள் சேர்ந்து எழுதிய நிரலுக்கு, ஒரு வரி கூட எழுதாதவர் கப்பம் கேட்டார். லினக்ஸ் நிறுவனங்களும் அமைப்புகளும் சேர்ந்து எதிர்த்து நின்றன. 1997-இல் சமரசம் ஏற்பட்டு டிரேட்மார்க் டோர்வால்ட்ஸின் பெயருக்கு மாறியது. பெயரைக் காக்க ஓர் அமைப்பு தேவை என்பதை மற்ற திட்டங்களுக்கு உணர்த்திய சம்பவங்களில் இது முக்கியமானது.

● இன்று அந்த டிரேட்மார்க்கைக் கவனித்துக்கொள்வது லினக்ஸ் மார்க் இன்ஸ்டிட்யூட். உங்கள் தயாரிப்பின் பெயரிலேயே ‘லினக்ஸ்’ வர வேண்டுமானால் அவர்களிடம் துணை உரிமம் வாங்க வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது. ‘லினக்ஸ் என்பது லினஸ் டோர்வால்ட்ஸின் பதிவு பெற்ற டிரேட்மார்க்’ என்ற அடிக்குறிப்பைப் போட மறக்கக் கூடாது.

● ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு அது முதல் பெயரல்ல. 2002-இல் ஃபீனிக்ஸ் என்று தொடங்கியது. ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் டிரேட்மார்க் குறுக்கே வந்தது. 2003-இல் ஃபயர்பேர்ட் ஆனது. அதே பெயரில் இருந்த தரவுத்தளத் திட்டம் கொதித்தது. 2004 பிப்ரவரியில்தான் இப்போதைய பெயர் நிலைத்தது.

● இப்படிப் பெயரால் அவதிப்பட்ட, ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா, இரண்டே ஆண்டில் டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பின் குழுவுடன் பெயருக்காக மல்லுக்கு நின்றது. ஃபயர்ஃபாக்ஸ் நிரல் கட்டற்றது. ஆனால் லோகோ அப்படியல்ல என்பதால் டெபியன் லோகோவை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. 2006-இல் மொசில்லா சொன்னது: பெயரும் லோகோவும் சேர்ந்தேதான் வரும், நீங்கள் செய்யும் திருத்தங்களுக்கும் எங்கள் ஒப்புதல் வேண்டும். டெபியனின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பதிப்பை வெளியிட்டால் அதை ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புத் திருத்தங்களோடு பராமரிப்பது அவர்கள் வழக்கம். மொசில்லா கைவிட்டுவிட்ட பழைய பதிப்புக்குத் தாங்களே ஒட்டுப்போட வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டு நிற்க முடியுமா?

முடியாது என்று முடிவு செய்து பெயரையே மாற்றினார்கள். ஃபயர்ஃபாக்ஸ் ‘ஐஸ்வீசல்’ ஆனது, மொசில்லாவின் மற்ற மென்பொருள்களில் தண்டர்பேர்ட் ‘ஐஸ்டவ்’ ஆனது, சீமங்கி ‘ஐஸ்ஏப்’ ஆனது. உள்ளே அநேகமாக அதே நிரல்தான். புதிதாக டெபியன் நிறுவியவர்கள் ஃபயர்ஃபாக்ஸைத் தேடித் திண்டாடினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து 2016-இல், டெபியனின் திருத்தங்கள் ஃபயர்ஃபாக்ஸின் தரத்தைக் கெடுக்கவில்லை என்று மொசில்லா தரப்பு ஏற்றுக்கொள்ள, பழைய பெயர் திரும்பியது. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பத்து ஆண்டுகள் மிக அதிகம்.

● இந்தியாவின் ‘பாஸ்’ லினக்ஸை உருவாக்கிய சி-டாக்கின் சென்னை மையம் அதை டெபியனின் மேல்தான் கட்டியது. தனக்கென ஒரு பெயர் வைத்துக்கொண்டு ‘டெபியனை அடிப்படையாகக் கொண்டது’ என்று சொல்வது முழுக்க முறையானது. உண்மையைச் சொல்ல டிரேட்மார்க் சட்டம் தடை போடுவதில்லை.

● சென்ட்ஓஎஸ் குழு ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் நிரலை அப்படியே எடுத்து, பெயரையும் லோகோவையும் மட்டும் துடைத்துவிட்டு வெளியிட்டது. ரெட் ஹாட் என்ற பெயரை எழுதவே தயங்கி, தன் மூலத்தை ‘வட அமெரிக்காவின் முக்கியமான எண்டர்பிரைஸ் லினக்ஸ் நிறுவனம்’ என்று பல ஆண்டுகள் குறிப்பிட்டு வந்தது.

● 2014 நவம்பர் 11. க்னோம் ஃபவுண்டேஷன் ஓர் அவசர வேண்டுகோள் விடுத்தது. தள்ளுபடிக் கூப்பன் விற்கும் குரூப்பான் நிறுவனம், கடைகளில் பில் போடும் டேப்லட் சாதனம் ஒன்றுக்கு ‘க்னோம்’ என்று பெயர் வைத்து, 28 டிரேட்மார்க் விண்ணப்பங்களையும் போட்டிருந்தது. க்னோம் என்ற டெஸ்க்டாப்போ 1997-லிருந்து இருக்கிறது. பெயரை 2006-லேயே பதிவும் செய்திருந்தார்கள். முதல் தவணையாகப் பத்து விண்ணப்பங்களை மட்டும் எதிர்க்க 80,000 டாலர் வேண்டும் என்று கணக்குச் சொன்னது ஃபவுண்டேஷன். பணம் கொட்டத் தொடங்கியது. உலகெங்கும் இருந்து கண்டனம் குவிந்தது. அன்றே குரூப்பான் பணிந்தது: 28 விண்ணப்பங்களும் வாபஸ், சாதனத்துக்கு வேறு பெயர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் பதிவாகியிருந்ததால்தான் பிடித்துக்கொண்டு சண்டை போட முடிந்தது. லாபநோக்கற்ற அமைப்புக்கு டிரேட்மார்க் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு நாள் போதும்.

● பைதான் நிரல்மொழிக்கும் இதே கதை நேர்ந்தது. பிரிட்டனில் ஒரு நிறுவனம் தன் கிளவுட் சர்வர் சேவைக்கு ‘பைதான்’ என்று பெயர் வைத்து ஐரோப்பா முழுவதற்கும் டிரேட்மார்க் கேட்டது. பைதான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனிடம் அமெரிக்கப் பதிவு இருந்தும் ஐரோப்பாவில் நிலைமை அத்தனை வலுவாக இல்லை. 2013 பிப்ரவரியில் பயனர்களிடம் ஃபவுண்டேஷன் கேட்டதைப் பாருங்கள்: உங்கள் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் ‘நாங்கள் பைதான் பயன்படுத்துகிறோம்’ என்று கடிதம், ஐரோப்பாவில் வெளியான பைதான் புத்தகங்கள், பத்திரிகைக் கட்டுரைகளின் நகல்கள். ஒரு பெயரை மக்கள் எதோடு தொடர்புபடுத்துகிறார்கள் என்பதற்கு இவைதாம் சாட்சி. மறு மாதமே அந்த நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

● சரி, உங்கள் கம்பெனி அப்பாச்சி காஃப்காவை வைத்து ஒரு தயாரிப்பு செய்கிறது. ‘மின்னல் காஃப்கா’ என்று பெயர் வைக்கலாமா? கூடாது. அப்பாச்சி ஃபவுண்டேஷனே வெளியிட்டதோ என்ற குழப்பம் வரும். ‘மின்னல் – அப்பாச்சி காஃப்காவால் இயங்குவது’ என்றால் சரி. உங்கள் பெயர் தனியே முன்னால் நிற்க வேண்டும், அவர்கள் பெயர் விளக்கமாகப் பின்னால் வர வேண்டும். முதல் முறை எழுதும்போது ‘அப்பாச்சி காஃப்கா’ என்று முழுப் பெயரையும் போட வேண்டும்; கீழே உரிமை யாருடையது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். டொமைன் பெயருக்குள் வைக்க விரும்பினால் முன்கூட்டியே அனுமதி தேவை.

● வேர்ட்பிரஸ் விஷயத்தில் டொமைன் விதி இன்னும் கறார். ‘வேர்ட்பிரஸ்’ என்ற முழுச் சொல்லை உங்கள் டொமைன் பெயரில் சேர்க்க அனுமதியே இல்லை. அதனால்தான் தீம், பிளகின் விற்கிறவர்கள் பலர் ‘டபிள்யூ.பி.’ என்று சுருக்கிப் பெயர் வைத்தார்கள். அந்தச் சுருக்கம் டிரேட்மார்க்கில் அடங்காது. 2010-இல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் டிரேட்மார்க்கை வேர்ட்பிரஸ் ஃபவுண்டேஷனுக்குக் கொடுத்தது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கான உரிமம் அதே நிறுவனத்திடம் தனியுரிமையாக இருப்பது பலருக்குத் தெரிந்தது 2024-இல், டபிள்யூ.பி. எஞ்சின் நிறுவனத்துடனான மோதல் வழக்காக வெடித்தபோதுதான். ஃபவுண்டேஷன் என்ற பலகை மட்டும் போதாது. சாவி யாரிடம் என்றும் விசாரிக்க வேண்டும்.

● பெர்ல் நிரல்மொழி என்றால் எல்லோருக்கும் ஒட்டகம் ஞாபகம் வரும். அந்த ஒட்டகம் ஓ’ரைலி பதிப்பகத்தின் டிரேட்மார்க். பெர்ல் ஃபவுண்டேஷனுக்குச் சொந்தமான லோகோ வெங்காயம்!

● லினக்ஸின் பெங்குவின் ‘டக்ஸ்’ மட்டும் தாராளம். 1996-இல் லேரி யூயிங் ‘கிம்ப்’ மென்பொருளில் வரைந்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம். யாராவது கேட்டால் வரைந்தவர் பெயரையும் கிம்ப்பையும் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

● விதி போடுகிறவர்களும் எல்லை தாண்டுவதுண்டு. 2023 ஏப்ரலில் ரஸ்ட் நிரல்மொழியின் ஃபவுண்டேஷன் ஒரு வரைவு டிரேட்மார்க் கொள்கையைக் கருத்துக் கேட்புக்கு வைத்தது. ரஸ்ட் என்ற பெயரோ லோகோவோ போட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் துப்பாக்கிக்குத் தடை விதிக்க வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. நூலகங்களின் பெயரில் ‘ரஸ்ட்’ சேர்ப்பதற்கும் லோகோவின் நிறத்தை மாற்றுவதற்கும் வைத்திருந்த கட்டுப்பாடுகள், அந்த மொழியைத் தோளில் சுமந்து வளர்த்த தன்னார்வலர்களையே கொதிக்க வைத்தன. ‘கிராப்’ என்று வேறு பெயரில் ஒரு கிளை கூடத் தொடங்கிவிட்டார்கள். ஃபவுண்டேஷன் வருத்தம் தெரிவித்து வரைவைத் திருத்த ஒப்புக்கொண்டது. திருத்திய வரைவு வெளிவர 2024 நவம்பர் ஆயிற்று. ஏமாற்றுக்காரனைத் தடுக்க எழுதும் விதி ஆர்வலரை மிரட்டுவதாகிவிட்டால் அதைத் திருப்பி எழுதத்தான் வேண்டும்.

● நிரலைப் பிரித்து எடுத்துக்கொண்டு வெளியேறலாம். பெயரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆரக்கிளிடமிருந்து பிரிந்த ஓப்பன்ஆபீஸ்.ஆர்க் உருவாக்குநர்கள் 2010-இல் லிப்ரெஆபீஸ் ஆனார்கள். ஹட்சன் என்ற மென்பொருளின் பெயர் தன்னுடையது என்று அதே ஆரக்கிள் சொன்னதும், 2011-இல் அந்தச் சமூகம் வாக்கெடுத்து ஜென்கின்ஸ் ஆனது. இன்று இரண்டிலும் புதிய பெயர்தான் பிரபலம்.

● பெயரைத் தேர்வு வைத்துத் தருகிற இடமும் உண்டு. 2017 நவம்பரிலிருந்து குபர்னெட்டிஸ் என்ற திறந்த மூல மென்பொருளுக்குச் சான்றளிப்புத் திட்டம் இருக்கிறது. சோதனைகளை ஓட்டி முடிவை அனுப்பித் தேறினால், ‘சான்று பெற்ற குபர்னெட்டிஸ்’ முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். புதிய பதிப்புகளுக்கு ஏற்பச் சான்றையும் புதுப்பிக்க வேண்டும்.

● ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற சொல்லையே டிரேட்மார்க்காகப் பதிய முயன்றார்கள். பொருளை வெறுமனே வர்ணிக்கும் சொல் என்பதால் நடக்கவில்லை. 1999-இல் அந்த முயற்சியைக் கைவிட்டது ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்.

● வட்டத்துக்குள் ஆர் போடும் குறியை அழகுக்காகச் சேர்க்காதீர்கள். இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆம் பிரிவின்படி, பதிவாகாத ஒன்றைப் பதிவானதாகக் காட்டினால் அபராதம் உண்டு; 2024 வரை மூன்று ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம் என்று இருந்தது. பதிவாகாத பெயருக்கு ‘டி.எம்.’ என்று போடலாம். பதிவு செய்தாலும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

● விக்கிப்பீடியா லோகோவின் உருண்டையில் நம்முடைய ‘வி’ எழுத்தும் ஒரு துண்டில் இருக்கிறது. லோகோ படம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைத்தாலும் அது விக்கிமீடியா ஃபவுண்டேஷனின் டிரேட்மார்க். 2014-இல் சமூகத்தோடு பேசி எழுதிய கொள்கைப்படி, உங்கள் ஊர்க் கல்லூரியில் விக்கிப்பீடியா தொடர்தொகுப்பு நடத்தவோ, கோயில் படம் எடுக்க ஒளிப்பட நடைக்கு ஆள் சேர்க்கவோ அந்த லோகோவைப் போட்டு நோட்டீஸ் அடிக்கத் தனி அனுமதி தேவையில்லை. அதே லோகோவை டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்பனைக்கு வைப்பதானால், அச்சகத்துக்கு முன்பணம் கட்டும் முன் ஃபவுண்டேஷனுக்கு எழுதி உரிமம் வாங்கிவிடுங்கள்.