ஊவா மலையிற் குதிரைச் சேணம்

பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டிலாகும். நானுஓயாவை 1885இலும், அப்புத்தளையை 1893இலும், பண்டாரவளையை 1894இலும் எட்டிய இருப்புப்பாதை, அங்கிருந்து பதுளைக்கு இறங்குவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. அதுகாறும் ஊவாத் தோட்டங்களிற் சாமான்கள் மாட்டு வண்டியிற் போயின. தொழிலாளர் கால்நடையாய்ப் போயினர். துரைமார் குதிரைமேற் போயினர். வண்டி ஏறாத மலைச்சரிவுப் பாதைகளுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே கடிவாளத்தைக் கொண்டு அமைந்தது. 'பிரைடில் பாத்' என்றனர். கடிவாளம் பூட்டிய குதிரை நடக்கக்கூடிய பாதை என்பது அதன் பொருள்.

குதிரைமேல் ஏறியவர்களை ஊர் மறக்கவில்லை. பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவரும், யானை வேட்டையாற் பெயர் பெற்றவருமான மேஜர் றொஜர்ஸ், 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆந் திகதி அப்புத்தளையில் இடி தாக்கி மாண்டார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு ஆலயம் 1857 முதல் பதுளை நகரில் நிற்கிறது. குதிரைக்குச் சேணம் பூட்டிக் கொடுத்தவர்களுக்கோ கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் தமிழர். தோட்டத்திலே குதிரைக்காரன் என்று அழைக்கப்பட்டவர்கள். துரை சவாரி போகையில் உடன் ஓடுவதும், குதிரைக்குத் தீனி வைப்பதும், லாயத்தைக் கூட்டுவதும் அவர்கள் வேலை. அவ்வேலைகளுள் மிக நுட்பமானது சேணமும் கடிவாளமும் பூட்டுவதே. அதைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

லாயம் என்றதும் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்தல் வேண்டும். குதிரை கட்டுமிடம் லாயம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு லயம்; இது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஆயினும் ஒரே கால் எழுத்து இரண்டையும் பிரித்து நிற்பதைக் கண்டு, மலையகத்தார் கசப்போடு சிரிப்பதுண்டு. லாயத்திற்குக் காற்றோட்டம் வேண்டும், தரை ஈரமின்றி இருத்தல் வேண்டும் என்று குதிரை நூல்கள் வற்புறுத்தும் அளவுக்கு, லயத்தைக் கட்டியவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தமிழருக்குக் குதிரை புதியதன்று. பல்லணம், கலணை என்று சேணத்துக்கே பல பெயர்கள் நம்மிடம் உள்ளன. கடிவாள இரும்பைக் குறிக்கும் கலினம் என்ற சொல், கிரேக்க மொழியிலிருந்து வடமொழி வழியாக வந்ததென்பது அறிஞர் கருத்து. பாண்டியனுக்காக நரிகளைப் பரிகளாக்கி, இறைவனே குதிரைச் சேவகனாய் மதுரைக்கு வந்த கதையை அறியாதார் யார்? புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோர், தத்தம் ஊர் ஐயனார் கோயில்களிற் சேணமும் மணியும் மண்ணாலேயே வனைந்த குதிரைகளைக் கண்டவர்கள். ஆனால் மண் குதிரை வயிற்றை உப்புவதில்லை. உயிருள்ள குதிரை உப்பும். அதைப் பின்னாற் சொல்கிறேன்.

முதல் வேலை பூட்டுவதன்று, தடவிப் பார்ப்பது. சேணம் அமரும் முதுகையும், வயிற்றுவார் செல்லும் இடத்தையும் தூரிகையால் தேய்த்து, உலர்ந்த சேற்றையும் வியர்வை உப்பையும் நீக்கவேண்டும். பிறகு வெறுங்கையை முதுகின்மேல் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனால், வீக்கமோ சூடோ உள்ள இடம் கைக்குத் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் அன்று சேணம் ஏறக் கூடாது. இதை ஒரு குதிரைக்காரன் தன் துரையிடம் சொல்வது இலேசான காரியமன்று. துரைக்கு அவசரம், சோம்பலால் சொல்கிறான் என்றே எண்ணுவார். சொல்லாமல் விட்டாலோ நாலு நாளில் அது புண்ணாகும், பழியும் அவன் தலையிலேயே விழும். ஊவாவின் மழைக்காலத்திற்கு உரிய மற்றொரு தொல்லை அட்டை. கால்களிலும் அடிவயிற்றிலும் அவை ஒட்டியிருப்பின், வார் இறுகுமுன் எடுத்துவிடுதல் வேண்டும்.

குதிரையை அதன் இடப்புறத்திலிருந்து, தோளை நோக்கி, குரல் கொடுத்துக்கொண்டே அணுகுவது வழக்கம். சத்தமின்றிப் பின்னாலே சென்றவன் உதை வாங்குவான். முதலில் விரிப்புத் துணி. கழுத்து முதுகோடு சேருமிடத்தில் ஒரு மேடு உண்டு. அதைத் தோள்முகடு எனலாம். துணியை அம்முகட்டுக்குச் சற்று முன்னாலே போட்டுப் பின்னோக்கி இழுத்துச் சரியான இடத்திற்குக் கொணரவேண்டும். அவ்வாறு செய்தால் மயிர் தன் போக்கிலே படியும். பின்னிருந்து முன்னே தள்ளினால் மயிர் எதிர்த்து நிமிர்ந்து துணிக்கடியிற் சுருண்டு, ஒரு மணி நேரச் சவாரியில் தோலை அறுத்துவிடும்.

அடுத்து, அங்கவடிகளை மேலே ஏற்றி, அவை குதிரையின் விலாவில் அடிக்காதவாறு செய்துகொண்டு, சேணத்தை மெதுவாக இறக்கவேண்டும். தொப்பென்று போடுபவனை நல்ல குதிரையும் நாளடைவில் வெறுக்கும். இறக்கியதும், சேணத்தின் நடுப்பள்ளத்திற்குள் விரிப்புத் துணியை விரலால் மேலே தூக்கிவிடுவது அவசியம். தோள்முகட்டின்மேல் துணி இறுகிக் கிடந்தால் எலும்பு அழுந்தும். பின்பு வலப்புறம் சென்று வயிற்றுவார் முறுக்கின்றித் தொங்குகிறதா என்று பார்த்து, இடப்புறம் திரும்பி, வயிற்றின்கீழ் அதனை வாங்கிக் கொக்கியில் மாட்டவேண்டும். முன்னங்கால் முழங்கைக்கு ஏறத்தாழ நான்கு விரல் பின்னால் அது அமைதல் நன்று.

இங்கேதான் மண் குதிரைக்கும் உயிர்க்குதிரைக்கும் உள்ள வேற்றுமை. வார் இறுகுவதை உணர்ந்ததும் பல குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். அந்நிலையில் இறுக்கமாகத் தோன்றும் வார், குதிரை மூச்சு விட்டதும் தொளதொளத்துப் போகும். முரடர் முழங்காலால் வயிற்றில் இடித்து மூச்சை வெளியேற்றுவர். அது கொடுமை, பயனும் சிறிது, ஏனெனில் அக்குதிரை மறுநாள் வாரைக் கண்டதுமே கடிக்க வரும். அறிந்தவன் ஒரு துளை இறுக்கிவிட்டுக் காத்திருப்பான், பத்தடி நடத்துவான், மீண்டும் ஒரு துளை இறுக்குவான். விரல்கள் தட்டையாக நுழையும் அளவே இடைவெளி. முடிவில் முன்னங்கால்களை ஒவ்வொன்றாய்த் தூக்கி முன்னே இழுத்துவிட்டால், வாரின்கீழ் மடிந்த தோல் நேராகும்.

கடிவாளம் பூட்டுவதற்குப் பலத்தைவிடப் பொறுமையே வேண்டும். கட்டியிருந்த தலைக்கயிற்றை முகத்திலிருந்து கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் குதிரை கையை விட்டுப் போகாது. கடிவாள வாரை முதலிற் கழுத்தின்மேல் போடவேண்டும். வலக்கையாற் கடிவாளத்தின் மேற்பகுதியை நெற்றிக்கு நேரே பிடித்து, இடக்கை உள்ளங்கையில் இரும்பை ஏந்தி உதட்டருகே கொண்டுசெல்ல வேண்டும். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லற்ற வெறும் ஈறு உண்டு. இயற்கை விட்ட அந்த இடைவெளியிலேதான் இரும்பு அமர்கிறது. அவ்விடைவெளி இல்லையேல் கடிவாளம் என்ற கருவியே உலகில் தோன்றியிராது. அங்கே கட்டைவிரலை நுழைத்தால் குதிரை தானே வாயைத் திறக்கும். பற்களில் இரும்பு மோதாமல் உள்ளே செலுத்தி, காதுகளை ஒவ்வொன்றாக மெல்ல மடக்கித் தலைவாருக்குள் விட்டு, நெற்றிமயிரை வெளியே எடுத்துவிட வேண்டும். கடைவாயில் ஒன்றிரண்டு சுருக்கம் தோன்றினால் இரும்பின் உயரம் சரி. தொண்டைவாருக்கும் தாடைக்கும் இடையே நான்கு விரல் நுழையவேண்டும். அதை இறுக்கிக் கட்டினால் ஏற்றத்தில் மூச்சுத் திணறும்.

அப்புத்தளை கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4,700 அடி உயரம். மார்கழி, தை மாதத்து விடியலில் அங்கே இரும்பைத் தொட்டால் கை விறைக்கும். அக்குளிர்ந்த இரும்பை அப்படியே வாயில் வைத்தால், அடுத்த நாள் குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு எட்டாமல் நிற்கும். ஆகவே இரும்பை உள்ளங்கைகளுக்கிடையே சிறிது நேரம் தேய்த்துச் சூடேற்றிய பின்னரே மாட்டுதல் நலம். தன் கை விறைத்தாலும் குதிரையின் வாய்க்குச் சூடு தேடித்தர வேண்டிய தொழில் இது.

சமவெளிக்கு இவ்வளவு போதும், மலைக்குப் போதாது. அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கம் இறங்குபவர்க்கு ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பாதாளம். 2,200 அடி உயரத்துப் பதுளையிலிருந்து நமுனுகுல மலைச்சாரலில் ஏறுவோருக்கும், பசறைப் பக்கம் செல்வோருக்கும் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். ஏற்றத்தில் சேணம் பின்னே வழுக்கும்; இறக்கத்தில் முன்னே வழுக்கித் தோள்மேல் ஏறும். மலைப்பாதைக்கு விரும்பப்பட்ட மட்டக்குதிரைகளுக்கு உருண்டை முதுகு, தணிந்த தோள்முகடு. வழுக்குவதற்கு அதைவிட வசதி வேறில்லை. ஆகவே ஏற்றத்துக்கு மார்பைச் சுற்றி ஒரு வாரும், இறக்கத்துக்கு வாலின் அடியிலே வளைந்து சேணத்தோடு சேரும் வால்வாரும் பூட்டுவர். வால்வாரின் வளைவுக்குள் ஒரு மயிர் சிக்கினாலும் குதிரை துள்ளும். துள்ளும் இடம் பாதாளத்தின் ஓரமாக இருந்துவிடின் துரையும் குதிரையும் மீளமாட்டார்கள். சவாரி செய்யும் மனிதரின் உயிர், காலையில் அம்மயிரை விலக்கிவிட்டவனுடைய விரலில் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

மோட்டார் வண்டியும் மோட்டார் சைக்கிளும் தோட்டத்துக்குள் வந்தபின் இத்தொழில் மெல்ல மறைந்தது. குதிரைக்குச் சேணம் பூட்டுவதைக் கண்ணாற் காண விரும்பும் நேயர்கள், சித்திரை மாதத்தில் நுவரெலியாப் பந்தயத் திடலுக்குச் சென்றால் காணலாம். அங்கே இருப்பவை இலேசான பந்தயச் சேணங்கள். கனத்த தோட்டச் சேணங்கள் அல்ல. முறை ஒன்றே.

சவாரி முடிந்து திரும்பியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. வயிற்றுவாரை இரண்டு துளை தளர்த்தி, குதிரையைச் சிறிது தூரம் நடத்தி, முதுகின் சூடு தணிந்த பின்னரே சேணத்தை எடுக்கவேண்டும். சுடச்சுட எடுத்தால், அழுத்தம் நீங்கிய தோலில் இரத்தம் பாய்ந்து வீங்கும். தோல் வார்களைத் துடைத்து நிழலில் உலர்த்தி எண்ணெய் பூசவேண்டும். வடகீழ்ப் பருவ மழையில் அவை பூஞ்சணம் பிடிக்கும்; ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்றில் வறண்டு வெடிக்கும். வெடித்த வார் அறுவது எப்பொழுதும் இறக்கத்திலேதான்.

இவை யாவற்றுக்கும் முன்னே, சேணத்தைத் தூக்கிய அக்கணத்தில், குதிரைக்காரன் முதுகைக் கூர்ந்து பார்ப்பான். இருபுறமும் வியர்வை ஒரே சீராக நனைத்திருந்தால் சேணம் பொருந்தியிருந்தது. நனைந்த முதுகின் நடுவே கையகலம் உலர்ந்த திட்டு ஒன்று தெரிந்தால், அவ்விடத்தில் சேணம் அளவுக்கு மிஞ்சி அழுந்தியிருக்கிறது. வியர்வையும் சுரக்க வழியின்றிப் போயிருக்கிறது. மறுநாள் அங்கேதான் வீங்கும். அவ்வீக்கம் புண்ணாகி ஆறினால், ஆறிய இடத்தில் முளைக்கும் மயிர் வெள்ளையாகவே முளைக்கும். கறுப்புக் குதிரையானாலும் சரி, செம்பழுப்புக் குதிரையானாலும் சரி, அந்த வெள்ளைத் திட்டு அது சாகும்வரை முதுகில் இருக்கும்.