அமரவிளைச் சாலையும் காரின் ஏர் ஃபில்டரும்

ஒரு லிட்டர் பெட்ரோலை முழுதாக எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்கு என்றால் காற்று 14.7 பங்கு. அத்தனை காற்றும் பானெட்டுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிடக்கும் மடிப்புக் காகிதத்தின் வழியாகத்தான் என்ஜினுக்குள் போகிறது. அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால் காற்று தாராளமாக நுழையும், பிக்கப் கூடும் என்று சொல்லித்தான் பர்ஃபார்மன்ஸ் ஃபில்டர்கள் விற்கப்படுகின்றன. சொல்வதில் பொய் இல்லை. ஆனால் கூடுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

எந்த ஃபில்டரும் காற்றைக் கொஞ்சம் தடுக்கவே செய்யும். புதிய காகித ஃபில்டரில், என்ஜின் முழு வீச்சில் ஓடும்போது இந்த அழுத்த இழப்பு பொதுவாக ஓரிரு கிலோபாஸ்கல். வெளிக்காற்றின் அழுத்தமோ சுமார் 101 கிலோபாஸ்கல். ஆக, ஃபில்டரையே கழற்றி எறிந்தாலும் மிச்சமாவது ஒன்றிரண்டு சதவீதம். 90 குதிரைத்திறன் காரில் ஒன்றோ இரண்டோ குதிரைத்திறன். அதுவும் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதிக்கும்போது மட்டும். திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாறசாலையிலிருந்து உதியன்குளங்கரை, அமரவிளை தாண்டி நெய்யாற்றின்கரை வரை பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னால் ஊர்ந்து போகும் பெட்ரோல் காரில் த்ராட்டில் வால்வு பெரும்பகுதி மூடியேதான் இருக்கும். அங்கே காற்றை மறித்து நிற்பது அந்த வால்வு, ஃபில்டர் அல்ல.

மைலேஜ் கூடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இன்னும் குறைவு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சும் நவீன கார்களில், ஃபில்டர் அடைத்துப்போனாலும் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. வரும் காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலையே கம்ப்யூட்டர் விடுவதுதான் காரணம். கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசடரிலும் தொடக்கக்கால மாருதி 800-லும் கதை வேறு. காற்று குறைந்தால் பெட்ரோல் விகிதம் ஏறி, புகை கறுக்கும். ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்ற ஒர்க்‌ஷாப் வாக்கு அந்தக் காலத்து மிச்சம்.

ஃபில்டரின் முதல் வேலை தூசைப் பிடிப்பது. அமரவிளைப் பக்கம் அந்த வேலை லேசானதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து பாறைக்கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் களியக்காவிளை வழியாக இந்தச் சாலையில்தான் கேரளத்துக்குள் வருகின்றன. தார்ப்பாய் சரியாக மூடாத லாரிக்குப் பின்னால் கோடை வெயிலில் பத்து நிமிடம் போனால் கண்ணாடியில் வெள்ளைப் பொடி படியும். அந்தப் பாறைப்பொடியில் இருக்கும் சிலிக்கா, சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியும் மணல் எந்த ஃபில்டரிலும் நின்றுவிடும். ஐந்து முதல் இருபது மைக்ரான் வரையுள்ள துகள்கள்தான் ஆபத்து. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்துக்குள் புகுந்து இரண்டையும் அரைப்பவை அவை. அரைபட்ட என்ஜின் எண்ணெய் குடிக்கத் தொடங்கும், கம்ப்ரெஷன் குறையும், இழுவை போகும்.

ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற உலகத் தரமுறை இருக்கிறது. நல்ல காகித ஃபில்டர்கள் அதில் 99 சதவீதத்துக்கு மேல் தூசைப் பிடிக்கின்றன. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்கள் பெரும்பாலும் 96 முதல் 99 சதவீதத்துக்குள் நிற்கும். 99.5-க்கும் 97-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். உள்ளே தப்பிப்போகும் தூசைக் கணக்கிட்டால் ஒன்றில் அரை சதவீதம், மற்றதில் மூன்று சதவீதம். ஆறு மடங்கு!

பருத்தி ஃபில்டரில் பெயர்பெற்றது 1969-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என். கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி மறுபடி போடலாம் என்பதால் காலப்போக்கில் பணம் மிச்சம் என்பார்கள். பந்தயக் கார்களுக்கும், கம்ப்யூட்டரை மறுநிரல் செய்து டர்போவை மாற்றிய வண்டிகளுக்கும் அது பொருந்தும். அன்றாட வண்டிக்கு அதைப் பராமரிப்பதே பாடு. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையின் ஈரக்காற்றில் அது லேசில் காயாது; அவசரப்பட்டுச் சூடு காட்டினால் துணி சுருங்கும். எண்ணெய் அதிகமானால், பல டீசல் கார்களில் இருக்கும் காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கும் இதே தொல்லைகள் உண்டு.

கூம்பு வடிவில் வெளியே தெரியும் ஓப்பன் ஃபில்டரைப் பற்றித் தயங்காமல் வேண்டாம் என்றே சொல்லலாம். உறுமல் கூடும், அதனால் வேகமும் கூடியதாகத் தோன்றும். உண்மையில் அது உறிஞ்சுவது பானெட்டுக்குள் வெந்த காற்றை. வெளியே 35 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. ஓரிரு சதவீதம் சம்பாதிக்கப் போய் அதைவிட அதிகம் இழப்பது! சிலர் இதற்குப் பரிகாரமாகக் காற்றுக் குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்குகிறார்கள். சாலையில் மழைநீர் தேங்கும் நாளில் அது தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். சாதாரண இன்ஷூரன்ஸில் இந்தச் சேதத்துக்கு வழக்கமாகப் பணம் கிடைக்காது. என்ஜின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்தும் ஃபில்டரை யாரும் கேட்கப்போவதில்லை. பெட்டியையே கழற்றிவிட்டு உறுமிக்கொண்டு போகும் வண்டியின் நிலை வேறு. வாரண்டிக் கோரிக்கையின்போதும் அதே சிக்கல் வரும்.

இந்தச் சாலைக்கு, வண்டியின் பாக எண்ணுக்குப் பொருந்தும் தரமான காகித ஃபில்டரே போதும். கம்பெனி பாகம்தான் வேண்டும் என்றில்லை. பாஷ், மான், எலோஃபிக் போன்ற ஃபில்டர் தயாரிப்பாளர்களின் சரக்கும் கிடைக்கிறது. வாங்கும்போது பெட்டியின் அழகைவிட ஓரத்து ரப்பரைப் பார்ப்பது நல்லது. அது ஒரே சீராக, விரலால் அழுத்தினால் மெல்ல எழும்ப வேண்டும். மடிப்புகள் சம இடைவெளியில் நிற்க வேண்டும். போலிகளில் மடிப்பு குறைவாகவும் பசை திட்டுத்திட்டாகவும் இருக்கும்.

பல கார்களின் கையேடுகள் 30,000, 40,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்கின்றன. தூசுச் சாலையில் முன்னதாகவே மாற்றவும் சொல்கின்றன. லாரிகளோடு தினமும் ஓடும் வண்டிக்குப் பாதித் தூரம் நியாயமானது. அதற்காக மாதாமாதம் கழற்றித் தட்டுவதும், பஞ்சர் கடை கம்ப்ரஸரில் பலமாகக் காற்றடிப்பதும் கெடுதலே. லேசாகப் படிந்த தூசு தானே ஒரு வடிகட்டியாகி, புதுக் காகிதத்தைவிட நன்றாக வேலை செய்யும். பலத்த காற்று இழைகளைப் பிரித்துவிடும்.

புதிய ஃபில்டர் போட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின், அதைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். விரலில் பொடி ஒட்டினால் ரப்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது பெட்டியின் கிளிப் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.